நடைபாதை மேற்கு, வாசற்படி கிழக்கு

பேர்லினில் பேர்னவர் வீதியின் தெற்குப் பக்க வீடுகளில் இருந்த சனம், காலையில் பாண் வாங்கக் கதவைத் திறந்து படியிறங்கினால் வேறோர் ஆட்சிக்குள் கால் வைத்தது. வீடு சோவியத் பகுதி. வீட்டுக்கு முன்னாலுள்ள நடைபாதை பிரெஞ்சுப் பகுதி. வாசற்படிதான் எல்லை. 1945இல் இருந்து 1961 ஆகஸ்ட் வரைக்கும் அந்தத் தெரு இப்படித்தான் இருந்தது. கோடு எங்கே ஓடுகிறது என்று எல்லாருக்கும் தெரியும்; தெரிந்தபடியே அதை மிதித்துக்கொண்டு திரிந்தார்கள்.

கோட்டைப் போட்டது ஸ்டாலினும் இல்லை, சர்ச்சிலும் இல்லை. 1920இல் சுற்றுப்புற ஊர்களையும் சிறு பட்டினங்களையும் சேர்த்துப் பெரிய பேர்லினை உண்டாக்கியபோது அதை இருபது வட்டாரங்களாகப் பிரித்தார்கள். வெடிங் என்ற வட்டாரமும் மிட்டே என்ற வட்டாரமும் இந்தத் தெருவில் முட்டிக்கொண்டன. தெருவின் நடுவால் எல்லையை விட்டிருக்கலாம். விடவில்லை. தெருவை முழுசாக வெடிங்குக்குக் கொடுத்து, தெற்குப் பக்க வீடுகளின் முகப்புச் சுவரோடு நிறுத்தினார்கள். நகரசபை தன் வேலை வசதிக்குப் போட்ட கோடு. 1944இல் லண்டனில் கூடி, தோற்கப்போகிற நகரத்தைப் பங்கு பிரித்தவர்கள் புதுசாகக் கோடு கீற மெனக்கெடவில்லை. இந்தப் பழைய வட்டார எல்லைகளையே எடுத்துக்கொண்டார்கள். வேலிக் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டுவிட்டான் என்று கோடேறி, காணியின் பெறுமதியைவிட அப்புக்காத்துமாருக்குக் கூடக் கொடுத்தவர்களைக் கண்டு வளர்ந்தவன் நான். உலகத்தையே இரண்டாக்கப்போகிற எல்லை ஒன்று ஒரு வாய்த்தர்க்கமும் இல்லாமல் வந்து குந்தியிருந்தது என்பதை நம்ப எனக்குக் கனகாலம் எடுத்தது.

நான் அந்தத் தெருவைக் கண்டது 1984 கடைசியில். வெடிங் பக்கம் அகதிகளுக்கு ஒதுக்கிய விடுதி ஒன்றில் இருந்தேன். வேலை செய்யக் கூடாது, நகரத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்ற சட்டம். ஆகையால் நடை. குளிர்காலத்தில் காசில்லாதவனுக்குப் பேர்லினில் நடையைத் தவிர வேறு பொழுதுபோக்கு இல்லை. நடந்து நடந்து ஒருநாள் அந்த வீதியில் போய் முட்டினேன். முட்டினேன் என்பதுதான் சரி. அந்தத் தெருவுக்கு ஒரு பக்கம்தான் இருந்தது. வடக்கே அடுக்குமாடிகள், யன்னல்களில் திரைச்சீலை, பூச்சாடி, துருக்கிக் குடும்பங்களின் சமையல் வாசம். நடுவே தார். தெற்கே 3.6 மீற்றர் உயரத்தில் சாம்பல் நிறக் கொங்கிறீற்று. உச்சியில் உருண்டைக் குழாய், கைகொண்டு பிடிக்க ஏலாதபடி. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் நீளமான தெரு முழுதும் அப்படியே.

மதிலுக்கு இந்தப் பக்கம் மரத்தால் செய்த பார்வை மேடைகள் நின்றன. ஏறினால் அந்தப் பக்கம் தெரியும்: உழுது விட்டதுபோல மணல், விளக்குக் கம்பங்கள், காவற்கூண்டு, இன்னொரு சுவர். மணல் வெளியின் நடுவில் செங்கல்லால் கட்டிய பெரிய தேவாலயம் ஒன்று, தனியாக. எனக்கு முன்னமே வந்து சேர்ந்த ஒருவர்தான் என்னைக் கூட்டிக்கொண்டு ஏறினார்.

"அங்கால ஆர் அண்ணை இருக்கினம்?"

"சனம்தான் தம்பி. நீ போன மாசம் வந்திறங்கினது அங்காலதானே, அதுக்குள்ள மறந்துபோனியோ?"

அவர் பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் உண்மை அதுதான். 83 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு வெளிக்கிட்ட எங்கள் ஆக்களில் கனபேர் கொழும்பிலிருந்து மொஸ்கோ, மொஸ்கோவிலிருந்து கிழக்குப் பேர்லினின் ஷோனபெல்ட் விமான நிலையம் என்று வந்தவர்கள். கிழக்கு ஜேர்மனி இடைவழி விசா கொடுத்தது. அங்கிருந்து ரயில் ஏறிப் பிரீட்ரிஷ் வீதி நிலையத்தில் இறங்கி, கடவுச்சீட்டைக் காட்டி, அதே நிலையத்தில் மற்ற மேடைக்குப் போய் மேற்கு ரயிலில் ஏறினால் சரி. மேற்குப் பேர்லினில் இறங்கினால் எங்களைக் கேட்க ஒருவரும் இல்லை. அது அவர்களுடைய சிக்கல். அங்கே ஒரு மேசையைப் போட்டுக் கடவுச்சீட்டுப் பார்க்கத் தொடங்கினால் அது ஒரு நாட்டின் எல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். பேர்லின் முழுவதும் நாலு வல்லரசுகளின் பொறுப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களால் அதைச் செய்ய முடியவில்லை. பெரியவர்களின் இந்த வீம்புக்குள்ளால் நாங்கள் நுழைந்து வந்தோம்.

அந்த நிலையத்தில் கிழக்கை விட்டுப் போகிறவர்களுக்கென்று தனியாக ஒரு கண்ணாடி மண்டபம். மேற்கிலிருந்து வந்து போகும் உறவுகளைக் கிழக்குச் சனம் அதன் வாசலில் கட்டிப்பிடித்து அழுது அனுப்பியதால் ஊரார் அதற்குக் 'கண்ணீர் மாளிகை' என்று பெயர் வைத்திருந்தார்கள். கிழக்கு ஜேர்மன்காரனுக்கு அந்த வாசலோடு உலகம் முடிந்தது. எங்களுக்கு அங்கேதான் தொடங்கியது. சொந்தச் சனத்தைச் சுட்டுத் தடுத்த எல்லை, எங்கோ மாத்தளையிலும் மானிப்பாயிலும் பிறந்தவனை ஒரு முத்திரை குத்தி வெளியே விட்டது. இதை நினைக்கிறபோதெல்லாம் எனக்குச் சிரிப்பு வராது.

வராததற்குக் காரணம், விடுதிக்குப் பக்கத்துக் கட்டடத்தில் இருந்த ஒரு ஜேர்மன் அம்மா. எங்கள் அரைகுறை ஜேர்மனைப் பொறுத்துக்கொண்டு கதைக்கிற ஒரு சிலரில் ஒருவர். "அங்கே வீடுகள் இருந்தன" என்று கையைக் காட்டினார். நான் மதிலைப் பார்த்தேன். மதில் நிற்கிற இடத்தில்தான் என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்னதையும், வருசக்கணக்காக நான் படித்ததையும் இப்போது பிரித்தெடுக்க முடியாது.

1961 ஆகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை. விடியமுன் நகரம் முழுக்க முள்ளுக்கம்பி இழுத்தார்கள். மற்றத் தெருக்களில் கம்பி இழுக்க இடமிருந்தது. இங்கே எல்லை என்பதே வீட்டுச் சுவர். ஆகவே வீடுகளையே மதிலாக்கினார்கள். முதலில் தெருவாசல் கதவுகளைப் பூட்டி அடைத்தார்கள். சனம் பின்வளவால் போய்வர வேண்டும். சனம் யன்னலால் குதித்தது. நிலமட்ட யன்னல்களுக்குக் கல் வைத்துக் கட்டினார்கள். சனம் ஒரு மாடி மேலே ஏறிக் குதித்தது. அதையும் கட்டினார்கள். இன்னும் மேலே ஏறியது. கீழே நடைபாதையில் மேற்குப் பேர்லின் தீயணைப்புப் படையினர் துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு, எந்த யன்னல் திறக்கும் என்று அண்ணாந்தபடி நின்றார்கள்.

48ஆம் இலக்க வீட்டில் ஈடா சீக்மன் என்ற தாதி இருந்தார். அவரது தங்கை வீடு சில தெருக்கள் தள்ளி, மேற்கில். ஆகஸ்ட் 22 காலை மெத்தை, படுக்கைத் துணிகளை மூன்றாம் மாடி யன்னலால் எறிந்துவிட்டு, கீழே துணி விரிக்க முன்னமே குதித்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் உயிர் போய்விட்டது. மறுநாள் அவருக்கு 59 வயது. மதிலின் முதற்பலி என்று எழுதப்பட்டவர் இவர். செப்டெம்பர் 25 அன்று 34ஆம் இலக்கத்தில் ஒல்கா சேக்லர் குதித்தார். அவருக்கு வயது 80. மகள் மேற்கில் கிட்டத்தில்தான். துணியில் விழுந்தும் மறுநாள் இறந்துபோனார். எண்பது வயதில் யன்னலில் ஏறி நிற்கிற ஒரு பெண்ணை யோசித்துப் பாருங்கள். அந்த அம்மா இந்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டு வேறு கதைக்குப் போவார்.

அதற்கு முதல் நாள் 77 வயது பிரீடா சூல்ற்ச யன்னலுக்கு வெளியே தொங்கினார். மேலே அறைக்குள் புகுந்த கிழக்கு ஆக்கள் கையைப் பிடித்து இழுக்க, கீழே நின்றவர்கள் எட்டிக் காலைப் பிடித்து இழுத்தார்கள். கீழே நின்றவர்கள் வென்றார்கள். அந்தக் காட்சியைப் படம் பிடித்திருக்கிறார்கள், இப்போதும் பார்க்கலாம். ஒரு கிழவியை இரண்டு உலகமும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தது பற்றி அரசியல் அறிஞர்கள் எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்தப் படத்தில் தெரிவது, ஒரு காலில் செருப்பு கழரப் பார்ப்பதும் அவர் பயத்தில் சுவரைத் தேடுவதும்தான்.

இவர்களைவிட உலகம் அறிந்தது ஒரு பெடியனை. அதே தெருவில் றுப்பினர் வீதி முடக்கில் ஆகஸ்ட் 15ஆம் திகதி, முள்ளுக்கம்பிச் சுருளைக் காவல்காத்து நின்ற கொன்றாட் சூமன் என்ற 19 வயதுச் சிப்பாய், துவக்கோடு கம்பிக்கு மேலால் பாய்ந்தான். பேற்றர் லைபிங் எடுத்த அந்தப் படம் புத்தகங்களில், முத்திரைகளில், சட்டைகளில் எல்லாம் வந்துவிட்டது. படத்தில் அவன் இன்னமும் அந்தரத்தில் நிற்கிறான். ஆள் பவேரியாவில் குடும்பத்தோடு இருந்து, 1998இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

இலையுதிர் காலத்துக்குள் தெற்குப் பக்கத்தில் இருந்த ஏறத்தாழ 2,000 பேரையும் வெளியேற்றிவிட்டார்கள். பிறகு மேல்மாடிகளை இடித்து, கல்லடைத்த நிலமட்ட முகப்புகளை மட்டும் விட்டார்கள். 1980 அளவில் அதையும் அகற்றிவிட்டு வைத்ததுதான் நான் கண்ட வழுவழுப்பான கொங்கிறீற்று. நான்கு வருசம் முந்தி வந்திருந்தால் கதவும் யன்னலும் அடைபட்ட வீட்டு முகங்களையாவது கண்டிருப்பேன்.

அதற்கு முந்திய தெருவைப் பற்றித்தான் அந்த அம்மா ஆசையாகக் கதைப்பார். கிழக்குச் சனம் தெருவைக் கடந்து வந்து படம் பார்த்தது. எல்லையோரப் படமாளிகைகளில் கிழக்கு அடையாள அட்டையைக் காட்டினால் கிழக்கு மார்க்கிலேயே ரிக்கற் எடுக்கலாம். வெளியில் நாலு கிழக்கு மார்க்குக்கு ஒரு மேற்கு மார்க் என்று போன காலத்தில் அது சும்மா கிடைத்த சலுகை. கிழக்கில் குடியிருந்துகொண்டு மேற்கில் வேலைக்குப் போனவர்கள் 50,000 பேருக்கு மேல். கூலி கனத்த காசில், வாடகை இலேசான காசில். மற்றப் பக்கம், மேற்கிலிருந்து போய்க் கிழக்கில் மலிவாகத் தலைமயிர் வெட்டிக்கொண்டு வருவார்களாம். இரண்டு ஆட்சிக்கும் நடுவில் அகப்பட்ட சனம் இரண்டையும் ஏய்த்துச் சீவித்ததை அவர் சொல்லுகிறபோது முகத்தில் ஒரு குறும்பு வரும்.

எல்லை எல்லாருக்கும் ஒரே தடிப்பில் இருந்ததில்லை என்பதை அந்தத் தெருவில்தான் கற்றுக்கொண்டேன். மேற்குப் பேர்லின்காரர் இரண்டு வருசத்துக்கு மேல் கிழக்கிலுள்ள தாய் தகப்பனைக் காண முடியாமல் இருந்து, 1963 நத்தாருக்குத்தான் அனுமதிச் சீட்டு எடுத்து வரிசையில் நின்றார்கள். 1964 கடைசியிலிருந்து கிழக்கிலுள்ள ஓய்வூதியக்காரர் மேற்கே போய்வரலாம் என்று விட்டார்கள். கிழடுகட்டைகள் திரும்பி வராவிட்டால் அரசுக்கு லாபம்தானே. அதே வருசம் செப்டெம்பர் 13 அன்று மார்ட்டின் லூதர் கிங் இந்தப் பேர்னவர் வீதிக்கு வந்து மதிலைப் பார்த்தார். அன்று மாலையே கிழக்குக்குப் போய்த் தேவாலயத்தில் பிரசங்கம் செய்தார். அமெரிக்க அதிகாரிகள் அவரைப் போகவிடாமல் கடவுச்சீட்டை எடுத்து வைத்துக்கொண்டார்களாம். எல்லையில் அவர் காட்டியது அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கடனட்டை என்று சொல்வார்கள். ஒருவருக்குக் கடனட்டை, ஒருவருக்கு நரைமயிர், எனக்கு இலங்கைப் பாஸ்போட். ஈடா சீக்மனுக்கு யன்னல்.

எங்களுக்கும் அந்தக் கதவு கனகாலம் திறந்திருக்கவில்லை. மேற்கு ஜேர்மனிப் பத்திரிகைகள் 'தமிழர் வெள்ளம்' என்று எழுதத் தொடங்கின. 1985 நடுப்பகுதியில், இரண்டு ஜேர்மனிகளும் வட்டியில்லாக் கடன் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அதே நேரத்தில், மேற்கே போக விசா இல்லாத தமிழருக்கு இடைவழி விசா கொடுப்பதைக் கிழக்கு நிறுத்திக்கொண்டது. மதிலை வெட்கக்கேடு என்று நாள்தோறும் திட்டிய அரசு, எங்களை மறிக்க அதே மதிற்காரனிடம் போனது. இதில் ஆரைக் குறைசொல்வது? இருவரையும்தான்.

அந்த வருசம் தை மாதம்தான் தேவாலயத்தை உடைத்தார்கள். 1894இல் திறந்த கோயில். மீளிணக்கத் தேவாலயம் என்பது அதன் பெயர்; அந்த மணல் வெளியில் நின்ற கட்டடத்துக்கு இப்படி ஒரு பெயர் தற்செயலாக அமைந்துவிட்டது. கட்டடம் கிழக்கில், பங்குச் சனத்தில் பெரும்பகுதி மேற்கில். 1961இல் வாசலுக்கு நேரே மதில் எழும்பியது. அந்த ஒக்டோபரோடு பூசை நின்றது. அதற்குப் பிறகு கோபுரத்தில் ஏறியவர்கள் எல்லைக் காவலர் மட்டும்தான். எல்லையில் பாதுகாப்பு, ஒழுங்கு, சுத்தம் வேண்டும் என்று காரணம் சொல்லி, 1985 ஜனவரி 22 அன்று கோயில் மண்டபத்தைத் தகர்த்தார்கள். 28 அன்று கோபுரம்.

கோபுரத்தை நாங்கள் மேற்குப் பக்கம் நின்று பார்த்தோம். சரியான குளிர். சனம் கொஞ்சம், படக்காரர் கொஞ்சம். ஒரு முழக்கம். கோபுரத்தின் கூர் முனை நிமிர்ந்தபடியே ஒரு கணம் நின்று, பிறகு பக்கவாட்டில் சாய்ந்து புழுதிக்குள் போனது. யாழ்ப்பாணத்தில் நூலகத்தின் கரிச்சுவர்களைக் கண்டுவிட்டு வந்தவனுக்குக் கட்டடம் சாவது புதிதில்லை. ஆனால் அது இரவில் வந்து வைத்த நெருப்பு. இது பட்டப்பகலில், நாள் குறித்து, அளந்து மருந்து வைத்துச் செய்தது. எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு முதியவர் தொப்பியைக் கழற்றினார். அவர் அந்தக் கோயிலில் திருமணம் முடித்தவரோ, ஞானஸ்நானம் பெற்றவரோ, கேட்கவில்லை. கேட்க எனக்கு அவ்வளவு ஜேர்மன் அப்போது வராது. அதற்குப் பிறகு ஐந்து வருசம்கூட மதில் நிற்கவில்லை. பொறுத்திருக்கலாம்.

தெருவுக்கு மேலே போக முடியாத இடத்துக்குக் கீழால் போய்வந்தோம் என்பது இன்னொரு வேடிக்கை. யூ 8 என்ற நிலக்கீழ் ரயில் மேற்கில் வெடிங்கிலிருந்து புறப்பட்டு, கிழக்குப் பேர்லினின் அடியால் ஓடி, மறுபடி மேற்கில் குறொய்ஸ்பேர்க்கில் வெளிப்படும். வோல்டா வீதி நிலையத்தில், மேற்குப் பேர்லினின் கடைசி நிலையம் இது என்று அறிவிப்பார்கள். அடுத்தது பேர்னவர் வீதி நிலையம். ரயில் நிற்காது, வேகத்தைக் குறைத்து ஊரும். மங்கலான ஒரு விளக்கு, தூசு படிந்த மேடை, தூணுக்குப் பின்னால் துவக்கோடு ஒரு நிழல். இப்படி ஆறு நிலையங்கள். குறொய்ஸ்பேர்க்கில் இருந்த சிநேகிதர்களிடம் சோறு தின்னப் போகிற வழி அது. பெட்டிக்குள் துருக்கிப் பிள்ளைகள் பாடமாக்கிக்கொண்டிருப்பார்கள், ஜேர்மன்காரர் பேப்பர் வாசிப்பார்கள், ஒருவரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். நாங்கள் மட்டும் கண்ணாடியில் முகத்தை வைத்தபடி.

அதே நிலத்தில் சுரங்கங்களும் கிண்டினார்கள். பேர்னவர் வீதிப் பக்கம் நிலம் கொஞ்சம் மேடு, நிலத்தடி நீர் ஆழத்தில். ஆகவே கிண்ட வசதி. 1962 செப்டெம்பரில் 78ஆம் இலக்கத்திலிருந்து போன சுரங்கத்தால் 29 பேர் வந்தார்கள். அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சி அதற்குப் பணம் கொடுத்துப் படமும் பிடித்தது. 1964 ஒக்டோபரில், பழைய பேக்கரி ஒன்றின் நிலவறையிலிருந்து பன்னிரண்டு மீற்றர் ஆழத்தில் 145 மீற்றர் தூரம் மாணவர்கள் கிண்டிய சுரங்கம், ஸ்ட்றெலிற்சர் வீதி 55ஆம் இலக்கத்து வளவில் ஒரு கக்கூசுக்குள் போய் வெளிப்பட்டது. இரண்டு இரவில் 57 பேர். அந்த இரவு வாசலில் நின்று ஆக்களை வாங்கிவிட்டவர்களில் ஒருவர் றைன்ஹாட் புறர். 1985இல் விண்வெளிக்குப் போனவர். அவர் பூமியைச் சுற்றியபோது இந்த மதிலும் கீழே எங்கோ இருந்தது.

அந்தச் சுரங்கத்தின் முடிவு நல்லதாக இல்லை. இரண்டாம் இரவு காவலர் வந்துவிட்டார்கள். இருட்டில் வெடி. ஏகோன் சூல்ற்ஸ் என்ற 21 வயதுக் காவலர் இறந்தார். கிழக்கு அவரை வீரராக்கியது. நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளுக்கும் அமைப்புகளுக்கும் அவர் பெயர், அந்தத் தெருவுக்கும் அவர் பெயர். மேற்கிலிருந்து வந்து சுட்ட கிறிஸ்டியான் சோபல், ஒரு மனிதனைக் கொன்றுவிட்டேன் என்ற நினைப்போடேயே வாழ்ந்து செத்தார். பிறகு ஆவணங்கள் திறந்தபோது தெரிந்தது: உயிரை எடுத்தது இருட்டில் தவறிப்போன சக காவலரின் குண்டு. கிழக்கு அரசுக்கு அது முதலே தெரியும். அந்தத் தெருவில் நடந்த கொடுமைகளில் எனக்கு ஆற மறுப்பது இதுதான். குதித்து இறந்தவர்களைப் பற்றியாவது உலகம் உண்மையைச் சொன்னது.

1989 நவம்பர் 9 இரவைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மறுநாள் இரவு பேர்னவர் வீதியின் கிழக்கு முனையில், எபர்ஸ்வால்டர் வீதி முட்டுகிற இடத்தில், பாரந்தூக்கியால் மதிலின் முதல் துண்டுகளைத் தூக்கினார்கள். பல் கழன்ற இடம்போல ஒரு ஓட்டை, அதால் சனம். எல்லாரும் எல்லாரையும் கட்டிப்பிடித்தார்கள்; எங்களையும்தான். அந்த அன்பு உண்மையானது. இரண்டு வருசத்துக்குள் ஹோயர்ஸ்வேர்டாவிலும், மறுவருசம் றொஸ்டொக்கிலும் வெளிநாட்டவர் விடுதிகளைக் கல்லாலும் நெருப்பாலும் தாக்கினார்கள்; அதுவும் உண்மை. மதில் விழுந்த பிறகு கிழக்குப் பக்கம் போகிற கடைசி ரயிலில் ஏற எங்கள் ஆக்கள் பயந்த காலம் ஒன்று இருந்தது. மதில் இருந்தபோது அந்தப் பயம் எங்களுக்கு இல்லை. இதை ஜேர்மன் நண்பர்களிடம் சொன்னால் அவர்களுக்கு மனம் நோகும். அதனால் இங்கே சொல்லுகிறேன்.

1990 ஏப்ரல் 12 அன்று பேர்னவர் வீதி நிலையத்தைத் திறந்தார்கள். யூன் 13 அன்று, இதே தெருவில் ஆக்கர் வீதி முடக்கில், மதிலை உத்தியோகபூர்வமாக இடிக்கத் தொடங்கினார்கள். கண்முன்னால் 28 வருசம் நின்றதை அகற்றினால் காணும் என்றுதான் தெருச்சனத்தில் பெரும்பான்மை நினைத்தது. தடுத்தவர் ஒரு பாதிரியார். மீளிணக்கப் பங்கின் போதகர் மன்பிறெட் பிஷர், தன் கோயிலை விழுங்கிய மதிலைக் காப்பாற்றப் போய் இயந்திரங்களுக்கு முன்னால் நின்றார். அந்த மனம் எல்லாருக்கும் வராது. பக்கத்துச் சோபியன் கல்லறைத் தோட்டக்காரருக்கோ வேறு நியாயம்: எல்லை வெளிக்காகத் தங்கள் கல்லறைகளைக் கிளறி எறிந்தவர்களின் மதில் தங்கள் இறந்தவர்களுக்கு மேல் ஏன் நிற்க வேண்டும்? போரில் குண்டுபட்டு இறந்தவர்களின் கூட்டுப் புதைகுழி அடியில் இருக்கிறது என்று சொல்லி 1997இல் 32 துண்டுகளைப் பெயர்த்தெடுத்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்த அந்தச் சண்டையின் இடைவெளி இன்றும் மதிலில் தெரிகிறது.

1998இல் நினைவிடம் திறந்தது. 2000இல் பழைய கோயில் நின்ற இடத்தில், இடிந்த செங்கற் துண்டுகளையும் சேர்த்துக் குழைத்த மண்ணை இடித்திறுக்கி ஒரு சிறிய ஆலயம் எழுப்பினார்கள். சுற்றிவர றை என்ற தானியம் விதைக்கிறார்கள். மதில் நின்று இப்போது இல்லாத இடங்களில் துருப்பிடித்த இரும்புக் கோல்கள் வரிசையாக நிற்கின்றன. இடைவெளியால் ஆரும் போகலாம், வரலாம். சுரங்கங்கள் ஓடிய தடத்தைப் புல்லுக்குள் பதித்திருக்கிறார்கள். பேர்லின் மதிலில் உயிர்விட்டவர்கள் என்று இதுவரை உறுதிசெய்த 140 பேரின் கணக்கும் அங்கே இருக்கிறது.

தெற்குப் பக்கத்தில் மிஞ்சிய வெறுங்காணிகளில் பெரிய கண்ணாடி யன்னல் வைத்த விலைகூடிய வீடுகள் எழும்பிவிட்டன. வடக்குப் பக்கம் பழையபடி துருக்கி, அரபுக் குடும்பங்கள் நிறைந்த வாடகை மாடிகள். தெருவைக் கடப்பவர் இப்போது வருமானத்தைக் கடக்கிறார். மதில் நிற்கிறபோது வடக்குப் பக்கத்தை ஒருவரும் விரும்பாததால்தான் எங்களைப் போன்றவர்களுக்கு அங்கே இடம் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2001இல் வெடிங்கையும் மிட்டேயையும் ஒரே வட்டாரமாக்கிவிட்டார்கள். 1920இல் போட்ட அந்தக் கோடு இப்போது வட்டார எல்லைகூட இல்லை.

அந்த ஜேர்மன் அம்மா இல்லை. மேடையில் என்னைக் கூட்டிக்கொண்டு ஏறிய அண்ணையும் இல்லை. கனடாவுக்குப் போய் அங்கே காலமாகிவிட்டார். ஷோனபெல்டில் இறங்கி, பிரீட்ரிஷ் வீதியால் நடந்து வந்த தலைமுறை அறுபதைத் தாண்டி எழுபதைத் தொடுகிறது. கண்ணீர் மாளிகை 2011இலிருந்து அரும்பொருட்காட்சியகம். பேர்னவர் வீதி நினைவிடத்தில் தெருச்சனத்தின் குரல்களைப் பதிந்து வைத்திருக்கிறார்கள்; யன்னலால் குதித்தவர், சுரங்கத்தால் ஊர்ந்தவர், காவல் நின்றவர்கூடப் பேசியிருக்கிறார்கள். மதிலின் ஓட்டைக்குள்ளால் வந்த எங்கள் கதையும் அந்த மதிலின் கதைதான். ஆகவே அந்த வழியால் வந்தவர்களிடம் கேட்கிறேன்: எந்த வருசம், எந்த மாதம் வந்தீர்கள், எந்த விமானம், கையில் என்ன இருந்தது, எந்த மேடையில் நின்றீர்கள், முதலில் ஆர் உங்களோடு கதைத்தது, எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். எழுத ஏலாவிட்டால் பேரப்பிள்ளையின் போனிலாவது பேசிப் பதியுங்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் விளங்காது என்று விட்டுவிடாதீர்கள். ஜேர்மனில் பேசினாலும் சரிதான்.